கணித மேதை ராமானுஜனும் கதவைத் திறந்தவர்களும்



கணித மேதை ராமானுஜனைத் தெரியாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஆனால் காலேஜ் படிப்பில் தேறாத அவரைக் கணித உலகம் எப்படி உள்ளே விட்டது என்பது நாம் அதிகம் பேசாத கதை. நம் கல்லூரியில் மெக்கானிகல் படித்து, இன்று ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கதைதான் அடிக்கடி நினைவுக்கு வரும்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஜவுளிக்கடைக் கணக்கர். பள்ளியில் பரிசுகள் வாங்கிய பையன், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்ததும் கணக்கு தவிர வேறெதையும் படிக்காமல் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து எஃப்.ஏ. எழுதினார். அதிலும் ஃபெயில். கையில் இருந்தது கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மட்டும்தான்.

அந்த நோட்டுடன் குமாஸ்தா வேலை கேட்டு டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயரிடம் போனார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டைப் புரட்டியவர், இந்த ஆளைத் தாலுகா ஆபீசில் அடைப்பது பாவம் என்று நினைத்துச் சென்னையில் தமக்குத் தெரிந்தவர்களிடம் அனுப்பி வைத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் சில காலம் செலவுக்குப் பணம் கொடுத்தார். 1912-இல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். வேறு பேராசிரியர்கள் கண்டுகொள்ளாத கணக்குகளை ஹார்டி உட்கார்ந்து படித்தார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. விதி இடம் தருமா என்று யோசித்தவர்கள், கடைசியில் விதி எதற்காக இருக்கிறது என்று பார்த்தார்கள். அவ்வளவுதான், வழி பிறந்தது!

1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். அங்கேயும் எல்லாக் கதவும் சுலபமாகத் திறக்கவில்லை. 1917-இல் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ பதவி கிடைக்கவில்லை. நிறத்தைப் பார்த்து எதிர்த்தவர்களும் அங்கே உண்டு. 1918-இல் ராயல் சொசைட்டி அவரை ஏற்றுக்கொண்ட பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டியும் ஏற்றது. நோயோடு 1919-இல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

இதில் இன்னொருவரையும் மறக்கக் கூடாது. பத்து வயதில் அவருக்கு மனைவியான ஜானகி அம்மாள், கணவருக்குப் பின் திருவல்லிக்கேணியில் தையல் தைத்து வாழ்ந்து 1994-இல் மறைந்தார். அந்தக் காலத்தில் அவரைப் போன்ற பெண்கள் கையில் நோட்டு கொடுத்துப் பார்த்தவர் யார்? எத்தனை ராமானுஜன்கள் அடுப்படியிலேயே முடிந்து போனார்களோ!

எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஐ.டி.ஐ. முடித்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி இருக்கிறார், இளம்பெண். எந்த ஷிப்டில், எந்த மெஷினில் அளவு நழுவுகிறது என்று யாரும் சொல்லாமலே ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார். குவாலிட்டி பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது அவர் விண்ணப்பம் முதல் சலிப்பிலேயே விழுந்துவிடும். பட்டம் இல்லையே!

மாணவத் தம்பி தங்கைகளே, மார்க் குறைந்தால் நோட்டை மூடிவிடாதீர்கள். ஆள் எடுக்கும் நாற்காலியில் இருக்கும் என் சீனியர்களே, சர்டிபிகேட்டைப் பார்க்கும் முன் ஒரு நிமிஷம் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ராமசாமி ஐயர் செய்தது அவ்வளவுதான்.