பழைய போர்பன் பாட்டிலை எப்படி நம்புவது? சட்டம் கொண்டுவந்த கர்னல் டெய்லரின் கதை

கேம்பல் பேயில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, 1960-களில் அடைத்த ஒரு அமெரிக்க போர்பன் பாட்டிலைத் திறக்கிறீங்கன்னு வெச்சுக்குங்க. மூடியின் மேல் பச்சைச் சீட்டு ஒட்டியிருந்தால், முதலில் அதைப் படிங்க. எந்தப் பருவத்தில் காய்ச்சியது, எப்போது அடைத்தது என்று அதில் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருப்பவர் எட்மண்ட் ஹெய்ன்ஸ் டெய்லர்.

யார் இவர்?

1830-ல் கென்டக்கியில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, உறவினர்கள் வளர்த்தார்கள். அவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஸக்கரி டெய்லர். வங்கித் தொழிலில் தொடங்கிய எட்மண்ட், 1870 வாக்கில் பிராங்க்ஃபர்ட் நகரில் ஒரு மது ஆலையை வாங்கினார். செம்புத் தொட்டிகள், புதுக் கிடங்குகள் என்று பணத்தைக் கொட்டினார். கடன் கழுத்தை நெரித்தது; ஆலை ஜார்ஜ் ஸ்டாக் என்பவர் கைக்குப் போனது. இன்றைய பஃபலோ டிரேஸ் ஆலை அதுதான். டெய்லர் ஓயவில்லை. 1887-ல் கோட்டை வடிவில் வேறொரு ஆலை கட்டினார்.

என்ன பிரச்சினை?

அப்போது வெறும் ஆல்கஹாலில் நிறமும் வாசனையும் கலந்து, பழைய போர்பன் என்று விற்பவர்கள் ஏராளம். டெய்லர், நிதித்துறைச் செயலர் ஜான் கார்லைல் ஆகியோரின் முயற்சியால் 1897-ல் சட்டம் வந்தது. ஒரே ஆலை, ஒரே பருவம், அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டுகள், 50 சதவீத ஆல்கஹால். எல்லாம் சரியாக இருந்தால்தான் அரசுச் சீட்டு. இதில் டெய்லருக்கு வியாபார லாபமும் உண்டு: கலப்பட போட்டியாளர்கள் அடிவாங்கினார்கள். ஆனால் வாங்குபவருக்கும் ஒரு பிடி கிடைத்தது.

1923-ல், 92 வயதில் அவர் இறந்தபோது அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு.

நமக்கென்ன?

நம்ம ஊர் மலிவு விஸ்கிகள் பலவற்றின் அடிப்படை, கரும்பு மொலாசஸில் எடுத்த ஆல்கஹால். 2024-ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது ருசி விவகாரம் மட்டும் இல்லை.

இன்னொன்று: பாட்டிலுக்குள் போன பிறகு போர்பன் முதிர்வதில்லை. 60 வருடப் பாட்டிலில் இருப்பது 60 வருட போர்பன் அல்ல. பீப்பாயில் இருந்த ஆண்டுகள் மட்டுமே கணக்கு. அதைச் சொல்வது அந்தச் சீட்டுதான்.