எறிந்த தாளில் எழுந்த இராமகதை

வங்க நாடு ஈன்றெடுத்த ஓவியப் பேராசான் அபனீந்திரநாத் தாகூர் ஆவார். நோபல் பரிசு பெற்ற கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் இவருக்குச் சிற்றப்பா முறை. ஓவியத்தால் பெரும்புகழ் எய்திய இப்பெருமகனார், முதுமையில் பழைய செய்தித்தாளையும் உலர்ந்த சுள்ளியையும் கொண்டு குழந்தைகள் உள்ளம் களிக்கச் செய்த பணியை நாம் அறிந்துகொள்வது நன்று.

அபனீந்திரர் 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், கல்கத்தா நகரின் ஜோராசாங்கோப் பகுதியிலிருந்த தாகூர் இல்லத்தில் பிறந்தார். செல்வம் நிறைந்த குடும்பந்தான். ஆயினும் துன்பம் செல்வரையும் விட்டுவைப்பதில்லை. பத்து வயதளவிலேயே அவர் தந்தை குணேந்திரநாத்தை இழந்தார். தம்மைச் சீராட்டிய செவிலி பத்மதாசியையும், அப்பெரிய வீட்டின் ஓசைகளையும், விளக்கொளியில் ஆடிய நிழல்களையும் அச்சிறுவர் உற்று நோக்கி உள்ளத்தில் சேர்த்து வைத்தார். அச்சேமிப்பு வாழ்நாள் முழுவதும் அவருக்குக் குறையாத செல்வமாயிற்று.

வளர்ந்தபின் ஐரோப்பிய ஆசிரியர்களிடம் ஓவியம் பயின்றார். எனினும், நம் நாட்டுப் பழைய சித்திரங்களின் அழகே அவர் மனத்தைக் கவர்ந்தது. முன்பு சென்னை ஓவியப் பள்ளியில் பணியாற்றிக் கல்கத்தாவுக்கு வந்திருந்த ஹேவல் என்னும் ஆங்கிலேயர் அவருக்கு ஊக்கமளித்தார். அக்காலத்தில் பரவிய கொள்ளைநோய் அபனீந்திரரின் அருமை மகளைக் கொண்டு சென்றது. அத்துயரத்தையெல்லாம் தூரிகையில் ஏற்றி, 1902ஆம் ஆண்டில் ஷாஜகானின் இறுதி நேரத்தைத் தீட்டினார். அவ்வோவியம் தில்லிக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1905இல் அவர் தீட்டிய பாரதமாதா ஓவியம் நாட்டுப்பற்றின் சின்னமாக விளங்கியது.

அவரிடம் பயின்றோர் பலர். அவர்களுள் ஒருவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1959ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலை இவர் கைவண்ணமே. பாறையைப் பெயர்க்கும் நான்கு தொழிலாளரைக் காட்டும் அச்சிலையை நம்முள் பலர் படத்திலேனும் கண்டிருப்போம்.

1930ஆம் ஆண்டு அரபுக் கதைகளை ஓவியத் தொடராகத் தீட்டிய பின்னர், அபனீந்திரர் பல ஆண்டுகள் தூரிகையைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தார். ஆனால் அவர் கைகள் சும்மா இருக்கவில்லை. சிறுவர்களுக்காக இராமாயணத்தைக் கூத்து வடிவில் எழுதத் தொடங்கினார். வங்காளத்தில் ஜாத்ரா என்பது நமது தெருக்கூத்தைப் போன்றது. அவர் எழுதிய அந்நூலின் பெயர் குத்தூர் ஜாத்ரா.

அதற்கு அவர் புதுப்படம் வரையவில்லை. செய்தித்தாள்களிலும் இதழ்களிலும் வந்த விளம்பரங்களையும் படங்களையும் கத்தரித்து, தம் கையெழுத்தின் அருகே ஒட்டினார். பொருளை விற்பதற்காக அச்சிட்ட படம், அவர் ஏட்டில் இராமகதையின் பாத்திரமாக மாறி நின்றது. இக்கதைக்கும் இப்படத்திற்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பவரே தேட வேண்டும். கண்டுபிடித்தவுடன் சிரிப்பு வரும். படிப்பவரும் சேர்ந்து விளையாடும் ஒட்டுப்பட நூல் அது. அவர் மறைந்து 50 ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2009ஆம் ஆண்டில்தான் அஃது உள்ளவாறே அச்சேறியது.

சுள்ளி, வேர், மரத்துண்டு ஆகியவற்றையும் அவர் பொறுக்கி வருவார். ஒன்றைக் கையிலெடுத்து இப்படியும் அப்படியும் திருப்புவார். ஒரு பக்கத்தில் பறவை தெரியும். மற்றொரு பக்கத்தில் விலங்கு தெரியும். சிறிது செதுக்கியோ சேர்த்தோ பொம்மையாக்குவார். அவற்றிற்குக் குட்டும் காட்டாம் என்று பெயரிட்டார். வங்க மொழியில் குட்டும் என்றால் உறவினர். பிறர் விறகென்று கண்டதை அவர் உறவாகக் கண்டார்.

1941ஆம் ஆண்டு அவருடைய எழுபதாவது பிறந்தநாளன்றே இரவீந்திரர் காலமானார். அக்காலத்திலேயே, பிறந்து வளர்ந்த வீடும் கைவிட்டுப் போயிற்று. ஆனால் வீட்டின் நினைவு கைவிட்டுப் போகவில்லை. அவர் சொல்லச் சொல்ல, ராணி சந்தா என்னும் அம்மையார் எழுதிக்கொண்டார். அவ்வாறு உருவானவையே 1941இல் வெளிவந்த கரோவா, 1944இல் வெளிவந்த ஜோராசாங்கோர் தாரே ஆகிய நூல்கள். 1951ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அப்பெருமகனார் இவ்வுலகை நீத்தார்.

அன்பு மாணவர்களே! நம் பத்து பாகாட் வட்டாரத்திலும் பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கக் காண்கிறோம். லயத்து வாழ்க்கையை நேரில் கண்டவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். மங்கு, பால் வாளி, பழைய தீப்பெட்டி, மங்கிய பள்ளி நிழற்படம் ஆகியவை குப்பைக்குப் போய்விட்டால் மீண்டும் கிடைப்பது அரிது.

இக்காலத்தில் கணினியிலேயே ஒட்டுப்படம் செய்ய இயலும். பாட்டியின் நிழற்படத்தையும் பால்வெட்டுக் கத்தியின் படத்தையும் ஒரே திரையில் சேர்க்கலாம். மங்கைத் தொட்டால் தாத்தாவின் குரல் அதன் கதையைச் சொல்லுமாறும் அமைக்கலாம். ஆனால் அக்குரலை முதலில் நாம் கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். அவ்வேலையைக் கணினி நமக்காகச் செய்யாது.

பெற்றோர்களே! தோட்டத்து வாழ்வில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணி வாளாவிருந்துவிடாதீர்கள். மாளிகையில் பிறந்த பேராசானே கீழே கிடந்த சுள்ளியைப் பெரிதாக மதித்தார். உங்கள் பிள்ளைப் பருவத்தை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கேட்பதற்கு அவர்களும், சொல்வதற்கு நீங்களும் இருக்கும் இக்காலமே அதற்கு ஏற்ற காலம்.