ஸ்பிரிங்கை நம்பாத மனிதர்

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்கள். ஹாஸ்டல் சாம்பார், மெஸ் பில், கட் அடித்துப் பார்த்த சினிமா இவற்றையெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் உபயோகப்படும்படி, மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதித் தரச் சொன்னார்கள். காந்தியும் கலாமும் அதற்குள் ரிசர்வ் ஆகிவிட்டார்கள். மெக்கானிக்கல் படித்தவன் என்ற உரிமையில் நான் ஓர் இன்ஜின்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பெயர் ஃபாபியோ தாலியோனி. இத்தாலிக்காரர்.

இவர் எனக்கு அறிமுகமானது ஒரு போட்டோவால்தான். தங்கை மகன் ஒரு மோட்டார் சைக்கிள் படத்தைக் காட்டி, இது எந்த வருஷத்து வண்டி என்று கேட்டான். வெள்ளி நிற டேங்க், கடல் பச்சை ஃப்ரேம், வட்ட ஹெட்லைட், அதைச் சுற்றி அரைக் கூடு. எழுபதுகளின் ஆரம்பம் என்று அடித்துச் சொன்னேன். பையன் சிரித்தான். அது 2006-இல் வந்த டுகாட்டி பால் ஸ்மார்ட் 1000. மொத்தமே 2,000 வண்டிகள்தான் செய்தார்களாம். பழசு மாதிரி செய்த புதுசு. இதற்கு ரெட்ரோ ஸ்டைல் என்று பெயர். என்னை இப்படி ஏமாற்றிய உருவம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனேன். வரைபலகையில் வால்வையும் கியரையும் தவிர வேறு எதைப் பற்றியும் அதிகம் கவலைப்படாத ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

தாலியோனி 1920 செப்டம்பர் 10-ஆம் தேதி லூகோ என்ற சிற்றூரில் பிறந்தார். ஃபெராரி காரில் ஒரு குதிரை நிற்கிறதே, அதைத் தன் விமானத்தில் வரைந்து வைத்திருந்த முதல் உலகப்போர் விமானி பிரான்செஸ்கோ பராக்காவுக்கும் அதே ஊர்தான். இரண்டாம் உலகப்போர் தாலியோனியின் படிப்பில் குறுக்கிட்டது. பொலோனா பல்கலைக்கழகத்தில் அவர் இன்ஜினீயர் பட்டம் வாங்கியது 1948-இல், 28 வயதில். ஒரு வருஷம் அரியர் விழுந்ததற்கே வாழ்க்கை முடிந்துபோனதாக மூலையில் உட்காரும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் அவர் ஒரு 75 சி.சி. இன்ஜினை வரைந்தார். அதைச் செக்காட்டோ என்ற கம்பெனி எடுத்துக்கொண்டது. பிறகு சிறிது காலம் மொண்டியால் கம்பெனியில் வேலை. 1954-இல் பொலோனாவின் புறநகரான போர்கோ பனிகாலேயில் இருந்த டுகாட்டி தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார். அன்றைய டுகாட்டியை இன்றைய டுகாட்டியாக நினைத்துக்கொள்ளாதீர்கள். 1926-இல் ரேடியோ பாகங்கள் செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனி அது. போரில் குண்டு விழுந்து தரைமட்டமாகி, அரசாங்கத்தின் கைக்குப் போய், சைக்கிளில் பொருத்தும் குட்டி இன்ஜின்களை விற்றுக்கொண்டிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தவர் 1989 வரை 35 வருஷம் இருந்தார்.

அந்தக் கால இத்தாலியில் நெடுஞ்சாலைப் பந்தயத்தில் ஜெயித்தால்தான் கடையில் வண்டி விற்கும். தாலியோனிக்குக் கொடுத்த முதல் வேலையே ஜெயிக்கிற வண்டி ஒன்றைச் செய்வதுதான். 1955-இல் மரியானா என்று செல்லப் பெயர் பெற்ற 100 சி.சி. வண்டி தயாரானது. இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு செங்குத்தான தண்டு, அதன் இரு முனைகளிலும் பெவல் கியர், அது மேலே இருக்கும் கேம் ஷாஃப்டைச் சுழற்றும். அந்த வருஷம் இத்தாலியைச் சுற்றி வரும் மோட்டோஜிரோ பந்தயத்தில் அதன் பிரிவில் மரியானாதான் முதலாவதாக வந்தது. அந்தச் செங்குத்துத் தண்டு அடுத்த கால் நூற்றாண்டுக்கு டுகாட்டியின் அடையாளமாகிவிட்டது.

இனி ஸ்பிரிங் கதை. மெக்கானிக்கல் அல்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், சுலபமாகத்தான் சொல்லப்போகிறேன். இன்ஜின் வால்வைக் கேம் திறக்கிறது. மூடுவது ஸ்பிரிங். ஆபீஸ் வாசலில் தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு இருக்கிறதல்லவா, அதே மாதிரி. ஆள் நடமாட்டம் குறைவாக இருந்தால் கதவு ஒழுங்காகச் சாத்தும். கூட்டம் முண்டியடித்தால்? சாத்துவதற்குள் அடுத்த ஆள் தள்ளிவிடுவார், கதவு அந்தரத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும் நாலு ஸ்டிரோக் இன்ஜினில் ஒரு வால்வு வினாடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். அன்றைய ஸ்பிரிங்குகளுக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஒன்று உடையும், இல்லை வால்வை நேரத்துக்கு மூடாமல் கோட்டை விடும். மேலே வரும் பிஸ்டன் வால்வில் மோதினால் இன்ஜின் காலி.

தாலியோனி ஸ்பிரிங்கை நம்புவதை விட்டுவிட்டார். திறப்பதற்கு ஒரு கேம், மூடுவதற்கும் ஒரு கேம். கதவைத் திறந்த கையே இழுத்துச் சாத்திவிடும் ஏற்பாடு. டெஸ்மோட்ரோமிக், சுருக்கமாக டெஸ்மோ. யோசனை அவருடையது அல்ல. பலர் முயன்று பார்த்திருந்தார்கள், 1954-இல் மெர்சிடிஸ் பந்தயக் காரில்கூட இது ஓடியது. ஆனால் அதை ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்குள் அடக்கி, விடாப்பிடியாக வருஷக்கணக்கில் செப்பனிட்டு, கடைசியில் கடையில் வாங்கும் வண்டி வரைக்கும் கொண்டுவந்தவர் இவர்தான்.

1956-இல் ஸ்வீடனில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில் 125 சி.சி. டெஸ்மோ முதன்முதலாக இறங்கியது. ஜியான்னி தெக்லி அந்தோனி ஓட்டினார், முதல் பரிசோடு வந்தார். சில வாரங்கள்தான் சென்றிருக்கும். மோன்சா மைதானத்தில் வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது விபத்தில் இறந்துபோனார். நம்மைப் போன்றவர்கள் வரைபடத்தில் போடும் ஒரு கோட்டின் மேல் எங்கோ ஒரு மனிதன் உட்கார்ந்து போகிறான் என்பதை இந்த இடத்தில் படித்தபோது எனக்குச் சற்று நேரம் ஒன்றும் ஓடவில்லை. தாலியோனி வேலையை நிறுத்தவில்லை. 1958-இல் அதே மோன்சாவில் 125 சி.சி. பந்தயத்தின் முதல் ஐந்து இடங்களும் டுகாட்டிக்கே கிடைத்தன. 1968-இல் டெஸ்மோ இன்ஜின் சாதாரண வாடிக்கையாளர் வாங்கும் வண்டியிலும் வந்தது.

எல்லாம் வெற்றி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க இறக்குமதியாளர் கேட்டுக்கொண்டதால் அறுபதுகளின் ஆரம்பத்தில் அப்போலோ என்று ஒரு ராட்சதனைச் செய்தார். நாலு சிலிண்டர், 1,256 சி.சி., சுமார் 100 குதிரைத் திறன். போலீஸ் வண்டியாக விற்பதாகத் திட்டம். இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. அந்த எடையையும் வேகத்தையும் தாங்க அன்றைக்கு உலகத்தில் டயர்தான் இல்லை. ஓட்டிப் பார்த்தால் டயர் பிய்ந்துகொண்டு வந்தது. இரண்டு மாதிரி வண்டிகளோடு கதை முடிந்தது. தன் பாகம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, பக்கத்துப் பாகமும் கூட வரவேண்டும் என்பது தாலியோனிக்குக் கிடைத்த பாடம்.

1970-இல் பெரிய வண்டி வேண்டும் என்று மறுபடி உத்தரவு வந்தது. இந்த முறை இரண்டு சிலிண்டர், 750 சி.சி. அவற்றை 90 டிகிரி கோணத்தில் வைத்தார். ஒன்று கிட்டத்தட்டப் படுத்திருக்கும், மற்றது நிமிர்ந்து நிற்கும். 90 டிகிரி என்றால் முக்கியமான அதிர்வுகள் சமனாகிவிடும். ஒரு சிலிண்டர் இன்னொன்றின் காற்றை மறைக்காது, இரண்டும் குளிரும். வண்டியும் ஒல்லியாக இருக்கும். ஆனால் முன் சிலிண்டர் படுத்திருப்பதால் வண்டி நீளமாகிவிடும். ஆகட்டும் என்று விட்டார். மார்ச்சில் வரையத் தொடங்கிய இன்ஜின் அதே வருஷம் ஓடிவிட்டது. நீண்டு தாழ்ந்து போகும் அந்த உடல்வாகை இன்று எல்லோரும் அழகு என்கிறார்கள். அது பிறந்தது இப்படிக் குளிர்ச்சிக்காகவும் அதிர்வுக்காகவும்தான்.

1972 ஏப்ரல் 23, இமோலா. 200 மைல் பந்தயம். பெரிய கம்பெனிகளின் வண்டிகளெல்லாம் வந்திருந்தன, எம்.வி. அகஸ்டாவில் ஜியாகோமோ அகோஸ்தினியே வந்திருந்தார். டுகாட்டிக்கு ஓட்டியவர்களில் இருவர்: இங்கிலாந்தின் பால் ஸ்மார்ட், கம்பெனியின் பழைய ஆள் புருனோ ஸ்பாஜியாரி. சாலை வண்டியின் ஃப்ரேமிலிருந்து உருவாக்கிய பந்தய வண்டிகள், உள்ளே டெஸ்மோ. ஸ்மார்ட் முதலாவது, ஸ்பாஜியாரி இரண்டாவது. அதுவரை சின்ன வண்டிக் கம்பெனி என்று பெயர் வாங்கியிருந்த டுகாட்டி ஒரே மத்தியானத்தில் பெரிய கம்பெனிகளின் வரிசையில் உட்கார்ந்துவிட்டது.

அதன் சாலை வடிவமாக 1974-இல் வந்தது 750 சூப்பர் ஸ்போர்ட். சுமார் 400 வண்டிகள்தான் செய்தார்கள். அதன் டேங்கில் மேலிருந்து கீழாகப் பெயின்ட் அடிக்காத ஒரு பட்டை இருக்கும். அலங்காரம் என்றுதான் நானும் நினைத்தேன். உள்ளே எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரிய வேண்டும், அதற்காக விட்ட ஜன்னல் அது. அரைக் கூடு காற்றைக் கிழிக்க. தாழ்ந்த ஹேண்டில் குனிந்து படுக்க. ஒற்றை சீட், ஓட்டுபவர் ஒருவர்தான் என்பதால்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்த இன்ஜினை ஒவ்வொன்றாகக் கையால் அளந்து, பெவல் கியர்களுக்கு நடுவே மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். செலவு கட்டுபடியாகவில்லை. அதை நிறுத்திவிட்டு, புகழ்பெற்ற கார் வடிவமைப்பாளர் ஜியுஜாரோவிடம் புது உருவம் கேட்டார்கள். பட்டை பட்டையாக, கோணல் கோணலாக 860 ஜி.டி. வந்தது. எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1978-இல் மைக் ஹெய்ல்வுட் மான் தீவுப் பந்தயத்துக்கு 11 வருஷ இடைவெளிக்குப் பிறகு, 38 வயதில் திரும்பி வந்து ஜெயித்தது தாலியோனியின் பெவல் இன்ஜின் டுகாட்டியில்தான்.

செலவுப் பிரச்சினைக்கும் தாலியோனியே விடை வைத்திருந்தார். செங்குத்துத் தண்டும் பெவல் கியரும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட விஷயங்கள். அவற்றை அவரே தூக்கிப் போட்டுவிட்டு, கேமைச் சுழற்ற ரப்பர் பல் பெல்ட் வைத்தார். 1979-இல் உற்பத்திக்கு வந்த பான்டா இப்படிப் பிறந்தது. சத்தம் குறைவு, செலவு குறைவு. அதன் வழிவந்த பந்தய வண்டி 1981 முதல் 1984 வரை தொடர்ந்து நாலு வருஷம் ஃபார்முலா 2 உலகப் பட்டத்தை டோனி ரட்டருக்கு வாங்கிக் கொடுத்தது. தன் பெருமையைத் தானே கழற்றி வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும், சொல்லுங்கள். நாமெல்லாம் ஆபீஸில் ஒரு பழைய ஃபார்மை மாற்றச் சொன்னாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆட்கள்.

2001 ஜூலை 18-ஆம் தேதி தாலியோனி காலமானார். அவர் கண்மூடுவதற்கு முன்பே ரெட்ரோ அலை தொடங்கிவிட்டது. ஹெய்ல்வுட் வெற்றியின் நினைவாக பியர் டெர்பிளான்ஷ் வடிவமைத்த எம்.எச். 900-ஐ, 2000-ஆம் ஆண்டின் முதல் நிமிடத்தில் இன்டர்நெட்டில் விற்பனைக்கு வைத்தார்கள். முதல் ஆயிரம் வண்டிகள் அரை மணி நேரத்தில் போய்விட்டன. 2003-இல் டோக்கியோ கண்காட்சியில் அவரே ஸ்போர்ட் கிளாசிக் வண்டிகளைக் கொண்டு வந்தார். என் தங்கை மகன் காட்டிய வண்டி அந்த வரிசைதான். உருவம் 1972 இமோலா. உள்ளே இருக்கும் 992 சி.சி. இன்ஜினோ, பெல்ட் போட்ட பான்டாவின் பேரன். செங்குத்துத் தண்டு இல்லை. தோலும் தாலியோனி, எலும்பும் தாலியோனி, ஆனால் இரண்டும் வேறு வேறு வயதுத் தாலியோனி! அந்த வரிசை 2010 வாக்கில் நின்றுபோனது.

இன்னொரு சேதியும் உண்டு. 2020-இல் டுகாட்டி அறிவித்த ஒரு புது நாலு சிலிண்டர் இன்ஜினில் டெஸ்மோ இல்லை, ஸ்பிரிங்தான். ரசிகர்கள் பலருக்கு மனவருத்தம். எனக்கு இல்லை. அவர் காலத்து ஸ்பிரிங் உடைந்தது, அதனால் டெஸ்மோ வந்தது. இப்போது நல்ல ஸ்பிரிங் கிடைக்கிறது, நெடுந்தூரம் போகும் வண்டிக்கு வால்வைச் சரிபார்க்கும் வேலையும் குறைகிறது. அதிவேக வண்டிகளில் டெஸ்மோவை இன்னும் வைத்திருக்கிறார்கள். தேவை எங்கேயோ அங்கே அது. பெல்ட்டுக்கு மாறிய மனிதரின் வழியில் போகிறவர்கள் செய்யக்கூடிய காரியம்தான் இது.

நண்பர்களே, இந்த ரீயூனியன் நாளில் நாம் எல்லோரும் கொஞ்சம் ரெட்ரோதான். முடிக்குச் சாயம், பழைய வகுப்பறையில் போட்டோ, அதே பட்டப்பெயர்கள். தப்பே இல்லை; 1972-ஐத் திரும்பப் பார்க்க ஆசைப்பட்டு 2,000 பேர் வண்டி வாங்கவில்லையா? இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் காலத்துக் கதைகளை ரசித்துக் கேளுங்கள். ஆனால் எங்களைக் காப்பி அடிக்காதீர்கள். டேங்கில் இருக்கும் அந்தப் பட்டையைப் பார்த்தால் அதே மாதிரி ஒரு பட்டை வரைவது சுலபம். அது எதற்காக வைத்த ஜன்னல் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியவர்கள் எங்கள் லேபிலும் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் அவர்களில் ஒருவன் இல்லை என்பதை இவ்வளவு வருஷம் கழித்து ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.