உடைந்த குண்டுவீச்சு விமானங்களுக்கு உயிர் கொடுத்த பெங்களூரு ஆலை: நிறுவனர் வால்சந்த் ஹிராசந்தின் வாழ்க்கை

பெங்களூரு: கான்பூரில் சிதைத்துக் கைவிடப்பட்டிருந்த லிபரேட்டர் விமானங்கள், 1948-ஆம் ஆண்டு பெங்களூருவில் செப்பனிடப்பட்டு இந்திய விமானப்படையின் முதல் கனரக குண்டுவீச்சு விமானங்களாயின. அப்பணியைச் செய்து முடித்த ஆலையை நிறுவியவர் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த். ஆனால், அந்த விமானங்கள் வானேறிய நாளில் ஆலையின் மீது அவருக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை.

1882 நவம்பர் 23 அன்று சோலாப்பூரில், ஜைன வணிகக் குடும்பத்தில் வால்சந்த் பிறந்தார். ரயில்பாதை ஒப்பந்தப் பணிகளில் தொழில்வாழ்க்கையைத் தொடங்கிய அவர், 1919-இல் நண்பர்களுடன் சேர்ந்து சிந்தியா கப்பல் நிறுவனத்தை உருவாக்கினார். அதன் லாயல்டி கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏப்ரல் 5, இன்று தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரை எதிர்த்து நின்ற அதே ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம், வால்சந்துக்கும் கடும் போட்டியாக விளங்கியது.

1939-இல் அமெரிக்கப் பயணத்தை முடித்துக்கொண்டு பசிபிக் பெருங்கடல் வழியாக விமானத்தில் திரும்பியபோது, வில்லியம் பாலி என்ற அமெரிக்கர் அவருக்குச் சக பயணியாக அமைந்தார். பாலி சீனாவில் விமான ஆலை நடத்திவந்தவர். இந்தியாவிலும் அத்தகைய ஆலை வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சந்திப்பில் உருப்பெற்றது.

மைசூர் சமஸ்தானத்தின் திவான் மிர்சா இஸ்மாயில் ஆதரவுக்கரம் நீட்டினார். சுமார் 700 ஏக்கர் நிலத்துடன், 25 லட்சம் ரூபாய் முதலீட்டையும் சமஸ்தானம் வழங்கியது. 1940 டிசம்பர் 23 அன்று ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பெங்களூருவில் பதிவு செய்யப்பட்டது. மறு ஆண்டே ஹார்லோ பயிற்சி விமானம் அங்கு உருவானது. இந்திய அரசும் பங்குதாரராகச் சேர்ந்தது.

1942 ஏப்ரலில் நிலைமை மாறியது. கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். அதே மாதத்தில் வால்சந்தின் பங்குகளை விலைக்கு வாங்கி, ஆலையை அரசு தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. ஆலை பிறந்து 16 மாதங்களே ஆகியிருந்தன.

அதன்பின் புதிய விமானங்களைத் தயாரிக்கும் பணி பின்னுக்குத் தள்ளப்பட்டு, பழுதுநீக்கும் பணி முதன்மை பெற்றது. 1943-இல் நிர்வாகம் அமெரிக்க ராணுவ விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. லிபரேட்டர், மிட்செல் குண்டுவீச்சு விமானங்களும் டகோட்டா போக்குவரத்து விமானங்களும் இங்கே பழுதுபார்க்கப்பட்டன. கேட்டலினா கடல் விமானங்கள் அருகிலிருந்த பெல்லந்தூர் ஏரியில் வந்திறங்கின.

நான்கு இயந்திரங்கள் கொண்ட லிபரேட்டரில் விமானிகள், வழிகாட்டி, குண்டு வீசுபவர், வானொலி இயக்குபவர், துப்பாக்கி வீரர்கள் என ஏறத்தாழ பத்துப் பேர் பறப்பர். கிழக்கிந்தியத் தளங்களிலிருந்து பல மணி நேரம் பறந்து, ரங்கூனையும் சியாம்–பர்மா ரயில்பாதையின் பாலங்களையும் அவர்கள் தாக்கினர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்த மரண ரயில்பாதை அதுவே. நெடுந்தூரம் சென்று திரும்பும் அக்குழுவினரின் உயிர், பழுதுபார்ப்பவர்களின் கைத்திறனையும் நம்பியிருந்தது. அந்தத் திறன் போர் முடிந்த பின்னரும் பெங்களூருவில் நிலைத்தது.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படையினர் தங்கள் லிபரேட்டர்களை கான்பூரில் விட்டுச் சென்றனர். அமெரிக்காவுடனான கடன்–குத்தகை ஒப்பந்தத்தின்படி, பிறர் பயன்படுத்த முடியாதவாறு அவை சிதைக்கப்பட்டிருந்தன. காஷ்மீர் போர் நடந்துகொண்டிருந்த 1948-இல், கனரக குண்டுவீச்சு விமானம் எதுவும் இல்லாத இந்தியாவின் பார்வை அந்தச் சிதைவுகளின் மீது திரும்பியது. பறப்பதற்குத் தேவையான அளவு மட்டும் பழுதுநீக்கப்பட்ட விமானங்களை, ஆலையின் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி சிறு குழுவுடன் சுமார் 1,500 கிலோமீட்டர் ஓட்டிவந்து பெங்களூருவில் இறக்கினார். அங்கு அவை முழுமையாகச் செப்பனிடப்பட்டன. 1948 நவம்பர் 2 அன்று, லிபரேட்டர்களைக் கொண்ட 5-ஆம் படைப்பிரிவு கான்பூரில் தொடங்கப்பட்டது. பின்னாளில் கடற்பகுதிக் கண்காணிப்பிலும் ஈடுபட்ட இவ்விமானங்கள் 1968 வரை பணியாற்றின. அவற்றுள் ஒன்று டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரிட்டன், அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் சில பாதுகாக்கப்படுகின்றன.

ஆலையை இழந்த வால்சந்த் ஓய்ந்துவிடவில்லை. விசாகப்பட்டினத்தில் அவர் அமைத்த தளத்தில் கட்டப்பட்ட ஜல உஷா கப்பலை, 1948 மார்ச்சில் பிரதமர் நேரு கடலில் இறக்கிவைத்தார். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கார் நிறுவனமும் அவர் தொடங்கியதே. உடல்நலம் குன்றி 1950-இல் பொறுப்புகளிலிருந்து விலகிய அவர், 1953 ஏப்ரல் 8 அன்று குஜராத்தின் சித்பூரில் காலமானார்.

பெங்களூரு ஆலை 1964-இல் மற்றொரு அரசு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு, ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் லிமிடெட் என்றானது. நிறுவனரின் பெயர் அதில் இல்லை. 1940-இல் அவர் பதிவு செய்த பெயரின் முதல் சொல் மட்டும் இன்றும் மாறாமல் நிற்கிறது.