கீறலில் பிறந்த அளவுகோல்

கால்சைட்டும் குவார்ட்ஸும் பார்ப்பதற்குச் சில வேளைகளில் ஒன்றுபோலவே இருக்கும். ஆய்வுக்கூடம் இல்லாமல் இவற்றை வேறுபடுத்திக் காண முடியுமா? அதற்கு எளிய வழிகாட்டியவர் பிரெடரிக் மோஸ்.

மோஸ் 1773ஆம் ஆண்டு ஜெர்மனியின் கெர்ன்ரோட என்னும் சிற்றூரில் பிறந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைக் கற்றார். பின்னர், பிரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் கனிமவியல் அறிஞர் வெர்னரிடம் பயின்றார். சிறிது காலம் சுரங்கத்தில் மேற்பார்வையாளராகவும் பணியாற்றினார்.

1802ஆம் ஆண்டு மோஸ் ஆஸ்திரியா சென்றார். அங்கு, வங்கியாளர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த கனிமங்களை வகைப்படுத்தும் பணி அவருக்குக் கிடைத்தது. அஃது எளிய பணியன்று. ஒரே கனிமம் பல நிறங்களில் கிடைப்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. வேதியியல் சோதனையோ கல்லின் ஒரு பகுதியை அழித்துவிடும். அக்காலத்தில் அறிஞர் பலர் வேதியியல் கூறுகளைக் கொண்டே கனிமங்களை வகைப்படுத்தினர். மோஸ் வேறு வழியில் சென்றார். வடிவம், அடர்த்தி, கடினத்தன்மை முதலிய புறப்பண்புகளே போதும் என்று அவர் கருதினார். இதற்காக வேதியியல் அறிஞர்கள் அவரைக் குறைகூறினர். ஆயினும், அவர் தம் கொள்கையிலிருந்து பின்வாங்கவில்லை.

ஒரு கல்லால் மற்றொரு கல்லைக் கீறிப் பார்க்கும் வழக்கம் பழங்காலத்திலேயே இருந்தது. 1812இல் கிராஸ் நகரில் பேராசிரியரான மோஸ், அவ்வழக்கத்தை ஓர் ஒழுங்கான முறையாக்கினார். பத்துக் கனிமங்களைக் கடினத்தன்மைக்கேற்ப வரிசைப்படுத்தினார். மிக மென்மையான டால்க் முதல் இடத்தையும் வைரம் பத்தாம் இடத்தையும் பெற்றன. ஒன்பதாம் இடம் குருந்தத்திற்கு உரியது. மாணிக்கமும் நீலக்கல்லும் அதன் வகைகளே. குருந்தத்தின் ஆங்கிலப் பெயர் இத்தமிழ்ச் சொல்லிலிருந்தே தோன்றியது.

இந்த அளவுகோலைப் பயன்படுத்த விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. இரண்டாம் இடத்தில் உள்ள ஜிப்சத்தை நகத்தாலேயே கீறலாம். மூன்றாம் இடத்தில் உள்ள கால்சைட்டில் நகக்கீறல் விழாது. இரும்பு ஆணியால் கீறினால் கோடு விழும். ஏழாம் இடத்தில் உள்ள குவார்ட்ஸோ கண்ணாடியையே கீறிவிடும்.

இவ்வரிசை எது கடினமானது என்பதைக் காட்டுமே தவிர, எத்தனை மடங்கு என்பதைக் காட்டாது. வைரம் குருந்தத்தைவிடப் பல மடங்கு கடினமானது.

மோஸ் 1818இல் தம் ஆசிரியர் வெர்னர் வகித்த பதவியை ஏற்றார். பின்னர், வியன்னாவிலும் பேராசிரியராக விளங்கினார். 1839ஆம் ஆண்டு, பயணத்தின்போது ஆகோர்தோ என்னும் ஊரில் காலமானார்.

இன்று கனிமங்கள் வேதியியல் கூறுகளைக் கொண்டே வகைப்படுத்தப்படுகின்றன. மோஸின் வகைப்பாடு வழக்கொழிந்தது. ஆனால், எவரும் தம் கையாலேயே செய்து பார்க்கக்கூடிய அவருடைய கீறல் சோதனை, இருநூறு ஆண்டுகள் கடந்தும் வகுப்பறைகளிலும் மலைச்சரிவுகளிலும் பயன்பட்டு வருகிறது.