ஒரு லட்சம் மைல் சுத்தின செட்டியார்

ஃபைனல் இயர் ஹாஸ்டல்ல இப்போ ரெண்டே டாபிக். ஒண்ணு, பிளேஸ்மென்ட். இன்னொண்ணு, மாஸ்டர்ஸ் பண்ண ஜெர்மனி போனா லீவுல எங்கெல்லாம் சுத்தலாம். கேம்பர் வேன் வீடியோ பார்க்காத ஆளே இல்லை. கட்டில், அடுப்பு எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். ராத்திரி அதை எங்க நிறுத்துறோம்ங்கிறதுதான் செலவைத் தீர்மானிக்கும். நீச்சல் குளம் உள்ள கேம்ப்சைட்னா காசு அதிகம். வண்டி நிறுத்த இடமும் தண்ணியும் மட்டும் தர்ற இடம்னா குறைவு. சீசன் இல்லாத மாசத்துல போனா இன்னும் குறைவு. இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஆனா இதே ஐரோப்பாவை 1937-லேயே சுத்த ஆரம்பிச்ச ஒரு தமிழரோட கதை தெரியுமா? அவர்தான் ஏ.கே. செட்டியார்.

முழுப் பெயர் அ. கருப்பன் செட்டியார். 1911 நவம்பர் 4-ம் தேதி, காரைக்குடி பக்கத்துல இருக்கிற கோட்டையூர்ல பிறந்தவர். நகரத்தார் குடும்பம்னா பர்மா, மலேயாவுக்குக் கப்பலேறி வட்டிக்கடை வைக்கிறதுதான் அப்போ வழக்கம். இவரும் ரங்கூன் போனார். ஆனா 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்தார். அப்புறம் போட்டோகிராஃபி மேல ஆசை வந்து டோக்கியோவில் படிச்சார். அடுத்து நியூயார்க்ல படிச்சார்.

படிப்பு முடிஞ்சு நியூயார்க்ல இருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குக் கப்பல்ல போறார். அன்னைக்கு 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். நடுக்கடல்ல ஒரு யோசனை வருது. காந்தியைப் பற்றி உலகத்துல எங்கெங்கோ எடுத்த ஃபிலிம் துண்டுகள் இருக்கே, அதையெல்லாம் தேடிச் சேர்த்து ஒரு முழு டாக்குமெண்டரி எடுத்தா என்ன? அப்போ அவருக்கு வயசு 25. நம்ம சூப்பர் சீனியர்ஸ் வயசுதான்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நாட்டை ஆளுறது பிரிட்டிஷ்காரன். படமோ அவனை எதிர்க்கிறவரைப் பற்றி. ரீல் எங்க இருக்குன்னு சொல்ல இன்டர்நெட் கிடையாது. போய்க் கதவைத் தட்டித்தான் கேட்கணும். அதனால ஐரோப்பாவில் எங்க இறங்கணும்ங்கிறதை ரேட்டோ வியூவோ தீர்மானிக்கலை. ரீல் எங்க இருக்கோ அங்க போகணும், அவ்வளவுதான்.

காந்தி 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போனப்போ பெரிய ஹோட்டல்ல தங்கலை. கிழக்கு லண்டன்ல ஏழைத் தொழிலாளிகள் நடுவுல இருந்த கிங்ஸ்லி ஹால்ல ஒரு சின்ன அறையில் ஏறக்குறைய 3 மாசம் இருந்தார். லங்காஷயர் மில் தொழிலாளிகளையும் போய்ப் பார்த்தார். நம்ம கரிசல் பருத்தி தூத்துக்குடியில கப்பலேறிச் சீமைக்குப் போய்க்கிட்டிருந்த காலம் அது. அவர் போன இடமெல்லாம் நியூஸ்ரீல் கேமராக்கள் பின்னாடியே போச்சு. திரும்பி வர்ற வழியில பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம். காந்தி நடந்த பாதையைத்தான் செட்டியாரும் தேடிப் போனார். காந்தி 20 வருஷத்துக்கு மேல வாழ்ந்த தென்னாப்பிரிக்காவுக்கும் போனார்.

மொத்தம் சுமார் ஒரு லட்சம் மைல் பயணம். கோவில்பட்டியில இருந்து சென்னைக்கு நூறு தடவைக்கு மேல போயிட்டு வர்ற தூரம். கையில சேர்ந்தது சுமார் 50,000 அடி ஃபிலிம். 35 எம்.எம். சவுண்ட் ஃபிலிம் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். வகுத்துப் பாருங்க, 9 மணி நேரத்துக்கு மேல வரும். இன்னொரு விஷயம், அந்தக் காலத்து சினிமா ஃபிலிம் பெரும்பாலும் நைட்ரேட். ஒரு பொறி பட்டா போதும், பிடிச்சுக்கும். தீப்பெட்டி ஊர்ல படிக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட சரக்கைத் தேடித்தான் இவ்வளவு அலைச்சல். 1939-ல் உலகப்போர் வேற ஆரம்பிச்சுருச்சு. இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டிருந்தா அந்தப் பயணமே நடந்திருக்காது.

சேர்த்ததுல சுமார் 12,000 அடியை மட்டும் எடுத்துக் கோத்தார். 1940 ஆகஸ்ட்ல படம் தமிழ்ல வெளிவந்தது. தெலுங்கிலும் வந்தது. ஆனா போர்க்கால நெருக்கடியில ரொம்ப நாள் வெளிய காட்ட முடியலை. சுதந்திரம் வந்த 1947 ஆகஸ்ட்ல இந்தி விளக்கத்தோட டெல்லியில திரையிட்டாங்க. 1953-ல் ஹாலிவுட்ல ஆங்கில வடிவமும் தயாராச்சு.

இவ்வளவு செஞ்சவர் தன்னைப் பற்றிப் பேசினது ரொம்பக் கம்மி. பயணக் கட்டுரை நிறைய எழுதினார். 'உலகம் சுற்றும் தமிழன்'ங்கிற பட்டமும் ஒட்டிக்கிச்சு. ஆனா அவர் எழுத்துல முன்னாடி நிற்கிறது வழியில பார்த்த மனுஷங்கதான். செல்ஃபி எடுத்தே பழகின நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியம்தான். 1943-ல் இருந்து 'குமரி மலர்' பத்திரிகை நடத்தினார். பழைய பத்திரிகைகளைக் கிளறி, மறந்துபோன கட்டுரைகளை அதுல மறுபடி போட்டார். எட்டயபுரத்துப் பாரதி சம்பந்தமான பல விஷயங்களும் அப்படித்தான் வெளியே வந்தது. மாட்டு வண்டியிலயும் ரயில்லயும் தமிழ்நாட்டைச் சுத்தினவங்க எழுதின பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். 1983 செப்டம்பர் 10-ம் தேதி சென்னையில இறந்துபோனார்.

அவர் உசிரைக் குடுத்து எடுத்த தமிழ்ப் படம் என்ன ஆச்சு தெரியுமா? முழு பிரதி நம்ம கைக்கு வந்து சேரலை. ஆங்கில வடிவத்தைப் பிற்பாடு ஒரு ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில ஒரு பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சார். உலகம் முழுக்கத் தேடிச் சேர்த்தவரோட படத்தையே இன்னொருத்தர் உலகம் முழுக்கத் தேட வேண்டியதாப் போச்சு.

நாளைக்கு நீங்க ஐரோப்பா போவீங்க. வேன் எடுப்பீங்க. நாலு பேர் சேர்ந்தா வாடகை கட்டுப்படியாகும், சீப்பான இடத்துலதான் நிறுத்துவீங்க. தாராளமாச் செய்யுங்க. ஆனா ரூட் போடும்போது முதல்ல ஒரு கேள்வி: அங்க எதைத் தேடிப் போறோம்? அதுக்கு ஒரு பதில் இருந்தா, எந்த ஊர்ல நாலு நாள் நிற்கணும், எந்த ஊரைத் தாண்டிப் போகணும்னு தானாத் தெரிஞ்சுடும். கிளம்புறதுக்கு முன்னாடி, செட்டியார் அந்தப் படம் எடுத்த கதையை அவரே எழுதின 'அண்ணல் அடிச்சுவட்டில்' புத்தகத்தைப் படிச்சிடுங்க. பெட்டியில அதிக இடம் பிடிக்காது.