வளரி வீசிய சின்ன மருது

தேகப்பயிற்சியில் ஆவல் மிக்க இளைஞர் பலர் வித்தையை முதலில் தேர்ந்துகொண்டு, பின்னர் அதற்கேற்ப உடலை வருத்தத் தொடங்குகின்றனர். மெலிந்தவர் மல்லுக்குச் செல்வர். பருத்தவர் பாய்ச்சலும் சுழற்சியும் மிக்க ஆட்டத்தை நாடுவர். சில மாதங்களில் இருவரும் சலிப்புற்று, தமக்கு வீரம் வாய்க்கவில்லையென்று விதியை நொந்துகொள்வர். பெண்ணாடம் போன்ற வெள்ளாற்றங்கரை ஊர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணாக்கர்க்குச் சிலம்பம் தெரியாததன்று. சிலம்பக் கம்பு ஆடுவோனுடைய நெற்றியளவு இருத்தல் வேண்டுமென்பது ஆசான்மார் வழக்கம். கம்பே ஆளுக்குத் தக்கபடி அளக்கப்படுமாயின், வித்தையை அளவாமற் கொள்வது எங்ஙனம் தகும்? சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருதுவின் வரலாறு இவ்விஷயத்தில் நாம் ஊன்றி நோக்கற்குரியது.

மொக்கை பழனியப்ப சேர்வை என்பார்க்கு நரிக்குடியைச் சார்ந்த முக்குளத்தில் மக்கள் இருவர் தோன்றினர். மூத்தவர் 1748-இலும் இளையவர் 1753-இலும் பிறந்தனர். மூத்தவர் வெள்ளை மருது என்றும் பெரிய மருது என்றும் பெயர் பெற்றார். இருவரும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் ஊழியஞ் செய்தனர். 1772-இல் நவாபின் படையும் கும்பினிப் படையும் காளையார்கோயிலைத் தாக்க, மன்னர் போரில் மாண்டார். அரசி வேலுநாச்சியாரைத் திண்டுக்கல்லையடுத்த விருப்பாட்சிக்கு அழைத்துச் சென்று காத்தவர்கள் மருதிருவரே. ஐதர் அலியின் துணையுடன் 1780-இல் அரசியார் சீமையை மீட்டனர். அதன்பின் ஆட்சிப் பொறுப்பு நாளடைவில் இச்சகோதரர் கையில் வந்தது.

ஒரு வயிற்றுப் பிள்ளைகளாயினும் உடலமைப்பில் இருவரும் பெரிதும் வேறுபட்டவர். இதனை நமக்கு அறிவித்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைவீரர். 1795-இல் ஏறக்குறைய இருபது வயதினராயிருந்தபோது அவர் சின்ன மருதுவின் விருந்தினராய்ச் சென்றார். அவர் எழுதிய போர் நினைவுகள் 1830-இல் இலண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. பெரிய மருது அசாதாரணமான உயரமும் வலிமையும் உடையவரென்றும், அரசியலில் தலையிடாது வேட்டையிலேயே காலங் கழித்தாரென்றும், காட்டின் கொடிய விலங்குகளோடு பொருவதே அவர்க்குப் பேரின்பமென்றும் வெல்ஷ் எழுதுகின்றார். ஆர்க்காட்டு ரூபாய் நாணயத்தை அவர் விரல்களாலேயே வளைத்துவிடுவார் என்று ஊரார் பேசிக்கொண்டனராம். அத்தகைய உடம்பினர்க்கு நெருங்கி நின்று தாக்கும் போரே இயல்பு.

சின்ன மருதுவோ கறுத்த மேனியர், பருத்த தேகத்தினர், அழகும் இன்சொல்லும் உடையவர். காவலர் ஒருவருமின்றித் திறந்த மாளிகையில் வாழ்ந்தார். ஆயினும் அவர் தலையசைப்பே சீமைக்குச் சட்டமாயிருந்தது. வெல்ஷ் பின்னர் மதுரையில் தங்கியபோது நல்லரிசியும், சொரசொரப்பான தோலும் மிக்க இனிமையும் உடைய பெரிய கிச்சிலிப்பழங்களும் அவரிடமிருந்து அடிக்கடி வந்துகொண்டிருந்தன. அவ்வெள்ளைக்கார இளைஞர்க்கு முதன்முதல் ஈட்டியெறியவும் வளரி வீசவும் கற்பித்த ஆசானும் இவரே.

வளரியாவது பிறைபோல் வளைந்த எறிபடை. மரத்தாலும் இரும்பாலும் யானைத் தந்தத்தாலும் செய்வர். ஒரு நுனி கனத்தும் மற்றொரு நுனி மெலிந்தும் இருக்கும். மெலிந்த நுனியைப் பற்றித் தோளுக்கு மேலே சிலமுறை சுழற்றி விடுத்தால், அது சுழன்று சென்று ஓடும் மானின் காலையோ மாற்றானின் காலையோ முறிக்கும். வல்லவன் கையில் அது நூறு கெஜத்துக்குள் குறி தவறாதென வெல்ஷ் உறுதி கூறுகின்றார். இதற்கு வேண்டுவன மணிக்கட்டின் விரைவும், கண்ணின் கணிப்பும், தோளின் சுழற்சியும் ஆம். பருத்த தேகமுடையார் எதிரியைத் துரத்தி ஓட வேண்டுவதில்லை. நின்ற நிலையிலேயே தூரத்தை வெல்லலாம். நாற்பதைக் கடந்த அப்பருவத்தில் சின்ன மருது பிறர்க்குக் கற்பிக்கத்தக்க தேர்ச்சியோடிருந்தது இதனாலேயே எனக் கருதுகிறேன். தமையனாரைப் போல் விலங்கோடு கட்டிப் புரள அவர் முயன்றிருப்பின் நிலைமை வேறாயிருக்கும்!

மூன்றாவதோர் உடலும் இச்சரித்திரத்திற் புகுகின்றது. கட்டபொம்மனுடைய தம்பி ஊமைத்துரை உயர்ந்து மெலிந்த, நோயுற்றார்போன்ற தோற்றத்தினர். வாய் பேச இயலாதவர். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய இவர் செய்கையாலேயே படையை நடத்தினார். துரும்புகளை இடக்கையிற் பரப்பி, அவை ஆங்கிலப் படையெனக் காட்டி, வாயால் ஓசையெழுப்பி வலக்கையால் துடைத்தெறிவார். அதுவே தாக்குதற்குக் கட்டளை. மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபோது காயமுற்றுப் பிணங்களிடையே கிடந்தார். பெண்கள் சிலர் அவரை ஒரு குடிசைக்கு எடுத்துச் சென்று, துணியால் மூடி, அம்மை கண்டவரென்று சொல்ல, தேடிவந்தோர் அஞ்சி விலகினர். பின்னர் அவர் அடைக்கலம் புகுந்த இடம் மருதிருவர் நாடே.

அவரை விடுத்திருந்தால் மருது சகோதரர் தம் சீமையோடு பிழைத்திருத்தல் கூடும். அவர்கள் விடவில்லை. ஜூன் 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பெற்ற அறிக்கையில், எல்லாச் சாதியாரும் ஒன்றுபட்டுக் கும்பினியாரை எதிர்க்குமாறு சின்ன மருது அழைத்தார். அதன்பின் கர்னல் அக்னியூவின் சேனை சிறுவயலை நோக்கி வர, மருதிருவர் தம் ஊருக்குத் தாமே தீயிட்டுக் காட்டினுட் புகுந்தனர். சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழி செய்ய முயன்ற ஆங்கிலேயர், ஒரு திங்களளவு உழைத்தும் இயலாது கைவிட்டனர். புதர் மறைவினின்று எறிபடை வீசுவார்க்கு அக்காடு மதிலினும் சிறந்த அரணாயிற்று. எனினும் அக்டோபர் முதல் நாள் பல முனைகளினின்றும் வந்த படைகள் காளையார்கோயிலைக் கைக்கொண்டன.

சின்ன மருதுவைத் துரத்திய சேனையில் வெல்ஷும் இருந்தார். கிச்சிலிப்பழம் அனுப்பியவரை விலங்கைப்போல் வேட்டையாட நேர்ந்ததை அவரே வருத்தத்தோடு எழுதியுள்ளார். தொடையெலும்பு முறிந்த நிலையில் சின்ன மருது பிடிபட்டுச் சிறையிற் கிடந்தார். 1801 அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளம் புதல்வர் துரைச்சாமி, வேறு பலருடன் 1802-இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பெற்றார்.

1818-இல் வெல்ஷ் பினாங்கு சென்றிருந்தபோது, தளர்ந்து மூத்த தோற்றமுடைய ஒருவர் அவரைக் காண வந்தார். வந்தவர் இன்னாரென வெல்ஷுக்கு விளங்கவில்லை. துரைச்சாமி என்று தம் பெயரைச் சொன்ன பின்னரே அடையாளம் தெரிந்தது. அப்போது அவர்க்கு வயது முப்பதைச் சற்றே கடந்திருக்கும்.